தீக்கு மூச்சு முட்டுதுவே, மருமவனே!

உம்ம பெல்லட் அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால ஒண்ணு தள்ளாடுதே, அதுக்குப் பேரு தீயாவே மருமவனே? நுனி கறுத்துப் போயி, எழும்பவும் மனசில்லாம அணையவும் மனசில்லாம அசைஞ்சுக்கிட்டு நிக்கு. வெளிய நியூ ஹாம்ப்ஷயர் பனி முழங்கால் உசரத்துக்குக் கெடக்கு. உள்ள நீரு ரெண்டு ஸ்வெட்டரு, மருமவ ஒரு கம்பளி, பேத்தி தொப்பியக் கழட்டாம தோசை திங்கா. அடுப்புக்கு முன்னால உக்காந்துக்கிட்டு இம்புட்டு உடுப்பு உடுத்துன குடும்பத்த ஆயுசுல இப்பத்தான் பாக்கேன்.

நேத்து ராத்திரி நீரு பாத்த வைத்தியத்தையும் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். மாமன் தூங்குதாருன்னு நெனச்சிருப்பீரு. தீ மெலிஞ்சதும் பொத்தான அமுக்கினீரு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, பெல்லட்டுன்னு சொல்லுதீரே, அந்த மரத்தூள் குச்சி கடகடன்னு கொட்டுச்சு. மூச்சு முட்டிக் கெடக்கவன் வாயில இட்லியத் திணிச்சா என்ன ஆவும்? அதான் ஆச்சு. தீக்கிண்ணத்துல குச்சி குவிஞ்சுது, தீ அடில அமுங்குச்சு, ஒரு மணி நேரத்துல கண்ணாடி கறுத்துப் போச்சு. மருமவ பாத்த பார்வைய நான் விவரிக்க வேண்டாம், வாங்கிக் கட்டிக்கிட்டவரு நீருதான்.

படிச்ச புள்ளை, கணக்காவே சொல்லுதேன், கேட்டுக்கிடும். ஒரு கிலோ காஞ்ச மரம் முழுசா எரிய ஏறக்குறைய 6 கிலோ காத்து வேணும். அதுவும் ஏட்டுக் கணக்குத்தான். உள்ள போற காத்தெல்லாம் தீயத் தொட்டுட்டா போவுது? கொஞ்சம் வேடிக்க பாத்துட்டு வெளிய போயிரும். அதனால நெசத்துல அதுக்கும் கூடுதலாத்தான் விடணும். கடையில காசு குடுத்து வாங்குறது ஒரு பங்கு, ஓசில கெடைக்கது ஆறு பங்கு. காசு குடுத்தத மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிட்டு, ஓசில வர்றத அடச்சு வச்சிருக்கீரு. எங்க அக்கா பெத்த புள்ளைக்கு இந்த வியாபாரம் எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியல.

ஆத்தங்கரைக் காளவாசல்ல செங்கல் சுட்டவன் நான். அங்க விறகு தீந்து நின்னதவிட காத்து வழி அடச்சு நின்ன சூளைதான் சாஸ்தி. இந்த அடுப்ப மொதமொதல்ல வீட்டுக்குன்னு உருவாக்குன ஜெர்ரி விட்ஃபீல்டு யாருன்னு தெரியுமாவே? போயிங் கம்பெனில இருந்த விமான இன்ஜினியரு. எண்ணெய் நெருக்கடி வந்து போன பொறவு, 1980-களோட தொடக்கத்துல, வாஷிங்டன் மாநிலத்துல அவரு இதக் கொண்டாந்தாரு. காத்தோட்டம் தெரிஞ்ச கை செஞ்ச அடுப்புவே இது! நம்ம பக்கமும் ஒண்ணு வந்துச்சு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரங்களும் பிபி கம்பெனியும் சேந்து 'ஊர்ஜா'ன்னு ஒரு சமையல் அடுப்பு செஞ்சாங்க. தமிழ்நாட்டுலயும் வித்தாங்க. அதுலயும் குச்சிதான் எரியும், அடில பாட்டரில சுத்துற ஒரு குட்டி விசிறி காத்து குடுக்கும். அங்கயும் விசிறி சுணங்குனா தீயும் சுணங்கும்.

உம்ம அடுப்புல காத்து எப்படி வருது, எப்படிப் போவுது, சொல்லும் பாப்போம். முழிக்காதேயும். பின்னாடி ஒரு குழாய் வழியா உள்ள வரும். தீக்கிண்ணத்துக்கு அடில போயி, கிண்ணத்து ஓட்டை வழியா மேல ஏறி, குச்சிக்குள்ள பூந்து தீயாவும். பொறவு புகையும் சூடுமா பின்பக்கத் தகட்டுக்கு அங்குட்டு உள்ள சந்துகள்ல நொழஞ்சு, கீழ எறங்கி, புகை உறிஞ்சுற விசிறிகிட்ட வந்து, குழாய் வழியா வெளிய போவும். கவனிச்சீரா, விசிறி கடைசில இருக்கு. உள்ள ஊதித் தள்ளுற விசிறி இல்ல, வெளிய உறிஞ்சி இழுக்கிற விசிறி. இந்த ஒண்ணு மண்டையில ஏறிட்டா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

இன்னொரு விசிறியும் இருக்கு. அது வீட்டுக்குள்ள வெந்நிக் காத்த ஊதுறது. "காத்து நல்லாத்தானே மாமா வருது"ன்னு கையக் காட்டிச் சொன்னீரே, அது இந்த விசிறிக் காத்து. தீக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அடுத்த வீட்டுக் கெணத்துல தண்ணி கெடக்குன்னு நம்ம வீட்டுத் தொட்டி நெறையுமாவே?

சரி, இப்ப வேலைய ஆரம்பியும். பிளக்கப் புடுங்காதேயும்! எங்க ஓடுதீரு? தீ இருக்கும்போது கரண்ட எடுத்தா உறிஞ்சுற விசிறி நின்னு, இருக்கிற புகையெல்லாம் நடுவீட்டுக்கு வந்துரும். பொத்தான அமுக்கி முறையா நிறுத்தும். குச்சி தீந்து, விசிறி ஓடி ஓஞ்சு தானா நிக்கட்டும். நல்லா ஆறுன பொறவு பிளக்க எடும். சாம்பலத் தொடுறதுக்கு அவசரம் வேண்டாம். சாம்பலுக்கு அடில தணல் ஒரு நாளைக்கு மேலயும் உசுரோட கெடக்கும். மருமவ கார்ப்பெட்டு கூட்டுற மெஷின எடுத்துட்டு வந்தீருன்னா ரெண்டு ஆபத்து. தணல் அதோட பைக்குள்ள போயி தீப்பிடிக்கும். இல்லன்னா நைசுச் சாம்பல் வடிகட்டிய மீறி வீடு பூரா பறக்கும். ரெண்டாவது ஆபத்துக்கு மருமவளே வந்துருவா. சாம்பலுக்குன்னே விக்கிற மெஷின் இருக்கு, அத வாங்கும். அள்ளுன சாம்பல மூடி போட்ட இரும்பு வாளில போட்டு, வீட்ட விட்டுத் தள்ளி, மரப்படில வைக்காம, கல்லு மேல வையும்.

மொதல்ல தீக்கிண்ணம். அதத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாரும். ஓட்டை எல்லாத்துலயும் வெளிச்சம் தெரியுதா? உம்மதுல பாதிக்குத் தெரியாதுன்னு பாக்காமலே சொல்லுதேன். சாம்பல் உருகி இறுகி கிட்டமாக் கெட்டிப்பட்டிருக்கும். சுரண்டும். ஒவ்வொரு ஓட்டையையும் கம்பி விட்டுக் குத்தும், ஆனா ஓட்டையப் பெருசாக்கிறாதேயும். திரும்ப வைக்கும்போது கிண்ணம் அடில பொருந்தி உக்காரணும். கீழ ஒரு சாம்பக் கட்டி கெடந்து கிண்ணம் தூக்கிக்கிட்டு நின்னா, காத்து ஓட்டைக்குள்ள போவாம ஓரத்துல நழுவிரும். நீரு வாராவாரம் துடைக்கது கண்ணாடிய மட்டும்தான். வெளிய தெரியுறத மினுக்குறதுல நம்ம குடும்பத்துக்கு இணை கெடையாது.

கிண்ணத்தச் சுத்தம் பண்ணிட்டு, "முடிஞ்சுது மாமா"ன்னு எந்திரிப்பீரு. அங்கதான் எல்லாரும் எந்திரிக்காங்க, அங்கதான் எல்லாருக்கும் அடுப்பு படுத்துருது. உள்ள பின்பக்கம் செங்கல் மாதிரி அச்சடிச்ச தகடு இருக்கு பாரும், அது அலங்காரம். கழட்டும். அதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சந்து இருக்கும், கீழ சின்ன மூடிகளும் இருக்கும். புகை திரும்பித் திரும்பிப் போற இடம் அது. திரும்புற எடத்துல எல்லாம் சாம்பலக் கீழ போட்டுட்டுப் போவும். இங்கத்த முதல் தரக் குச்சில சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல இருக்கப்படாதுங்கது விதி. கொஞ்சம்தானேன்னு நெனைப்பீரு. ஒரு டன்னுக்கு 40 பவுண்டு மூட்டை 50. அதாவது 907 கிலோ. அதுல ஒரு சதவீதம் 9 கிலோ. ஒரு குளிர்காலத்துக்கு நீரு மூணு டன் எரிக்கீரு. எடுத்துக் கொட்டுனது எம்புட்டு, உள்ளயே தங்குனது எம்புட்டுன்னு உம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரும். இந்தச் சாம்பல் மாவவிட நைசு. சந்துக்குள்ள ஒட்டிக்கிடும். சுவத்துத் தகட்ட ரப்பர் சுத்தியலால மெள்ளத் தட்டும், பொலபொலன்னு கொட்டும். குறுகலான தூரிகைய வளச்சு உள்ள விட்டு உருவும். அந்தச் சந்தோட கடைசிலதான் உறிஞ்சுற விசிறி உக்காந்திருக்கு. அதோட இறக்கைலயும் சாம்பல் அப்பியிருக்கும். இறக்கைல சாம்பல் அப்புனா விசிறி சுத்தும், காத்து இழுக்காது. அதக் கழட்டுனா கேஸ்கெட்டு கிழியும், புதுசு ஒண்ணு கையில வச்சிக்கிட்டுக் கழட்டும்.

அடுத்தாப்புல புகைக்குழாய். அடில 'டி' மாதிரி ஒரு முட்டு இருக்கும், அதோட மூடியத் தொறந்தா கருப்பா விழும். மேல சட்டை வேற போட்டுக்கிட்டுத் தொறயும், அந்த வெள்ளைச் சட்டை வேண்டாம். குழாய் அளவுக்குத் தூரிகை விக்குது, விட்டு இழுக்கணும். இங்கத்த ஆளுங்க இலை ஊதுற மெஷினோட உறிஞ்சுற வாயக் குழாய் நுனில மாட்டி அடுப்போட வயித்துச் சாம்பல் மொத்தத்தையும் வெளிய உருவுதாங்க. கெட்டிக்காரத்தனமான வேலைதான். அடுப்பு முழுசா ஆறியிருக்கணும், கதவெல்லாம் சாத்தியிருக்கணும், பக்கத்து வீட்டுக்காரரு காரக் கழுவி நிப்பாட்டியிருக்கப்படாது. மெஷினத் தப்பாத் திருப்பி உள்ளுக்கு ஊதிட்டீருன்னா, நான் அடுத்த விமானத்துல ஊருக்குப் போறேன்.

குழாய் நுனில வலை போட்டிருந்தா அதுல கரி கட்டியிருக்கான்னு பாரும். சுவத்துல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே, அது பனிக்குள்ள மூடிக் கெடக்கான்னும் பாரும். மூணு நாளா ஜன்னல் வழியா பனியப் போட்டோ எடுக்கீரு, ஒரு தடவ அந்தக் குழாயப் பாத்தீரா?

குழாயப் பத்தி இன்னொரு வழக்கு இருக்கு. நீரு வளைவு போட்டு வளைவு போட்டு சோபாவுக்கு எடம் விட்டிருக்கீரு. இதுக்கு அடுப்புப் புத்தகத்துல ஒரு கணக்கு உண்டு. படுக்கையாப் போற ஒரு அடி ஒரு அடிதான், செங்குத்தா ஏறுற ஒரு அடிக்கு அரை அடி, முழு மூலை வளைவு ஒவ்வொண்ணும் 5 அடி. கூட்டுனா 15 அடியத் தாண்டுச்சுன்னா 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் போடணும். உம்ம சோபாவே மூணு வளைவு தின்னுருக்கு. சோபாவ நகட்டச் சொன்னா மருமவ சண்டைக்கு வருவாளேன்னு யோசிக்கீரு. அதுல நான் தலையிட மாட்டேன்.

கதவுக்கு வாரும். கதவச் சுத்தி ஒரு கயிறு மாதிரி கேஸ்கெட்டு ஓடுது. அது தேஞ்சு தட்டையாப் போனா உமக்கு என்ன தோணும்? "காத்து கூடத்தானே வரும், நல்லதுதானே மாமா"ன்னு தோணும். நான் சொன்னேன்லா, விசிறி கடைசில இருந்து இழுக்குன்னு. அதுக்கு எங்கன இருந்து வந்தாலும் காத்துதான். லேசா வர்ற வழி இருந்தா கஷ்டப்பட்டு வர்ற வழிய விட்டுரும். கதவு இடுக்குல நொழஞ்ச காத்து தீக்கு மேல ஓடி நேரா வெளிய போயிரும். கிண்ணத்து ஓட்டைக்குள்ள பூந்து குச்சியத் தொடுறதுக்கு அதுக்கு என்ன தலையெழுத்தா? அதனால காத்து நெறைய வந்தும் தீ பட்டினி கெடக்கும். ஒரு தாளக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல வச்சுக் கதவப் பூட்டும். இழுத்துப் பாரும். இறுக்கிப் புடிச்சா சரி. வழுக்கிக்கிட்டு வந்தா அந்த எடத்துல ஓட்டை. சுத்திவர எல்லாப் பக்கமும் பாக்கணும், ஒரு மூலையப் பாத்துட்டு எந்திரிக்கப்படாது. சாம்பத் தட்டுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கே, அதுக்கும் இதே சோதனைதான். கயிறு வாங்கும்போது அதே கனத்துல வாங்கும், பசையும் சூடு தாங்குறதா இருக்கணும்.

காத்து உள்ள வர்ற குழாயோட வாய்ல வலை இருக்கும். சிலந்தி கட்டியிருக்கும், எலி கூடு வச்சிருக்கும். வெயில் காலம் பூரா சும்மா கெடக்கிற குழாய விட அதுகளுக்கு வேற நல்ல வீடு எங்க கெடைக்கும்? எடுத்து வெளிய போடும்.

வெளிக்காத்துக் குழாய் இல்லாம வீட்டுக் காத்தையே அடுப்பு எடுக்குதுன்னா இன்னொரு வில்லங்கம். உம்ம வீடு காத்துப் போவாத வீடு. மருமவ மீன் கொழம்பு வச்சிட்டு அடுக்களை விசிறிய முழு வேகத்துல போடுதா, நீரு குளியலறை விசிறியப் போடுதீரு, துணி காயப்போடுற மெஷின் வேற. எல்லாமும் வீட்டுக் காத்த வெளிய தள்ளுது, அடுப்பும் அதே காத்துக்குச் சண்டை போடுது. சோதிக்கது லேசு. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல ஒரு அங்குலம் தொறயும். கொஞ்ச நேரத்துல தீ நிமிந்தா வீடுதான் திருடன்.

குச்சியப் பத்தியும் ஒரு வார்த்தை. அது வேறொண்ணும் இல்ல, மரத்தூள அழுத்திச் செஞ்சது. பசை கூடச் சேக்க வேண்டாம், மரத்துல உள்ள லிக்னினே சூட்டுல எளகிப் புடிச்சுக்கிடும். தண்ணி பட்டா திரும்பவும் தூளாயிரும். நீரு மூட்டைய அடுக்கியிருக்கது நெலவறைச் சிமெண்டுத் தரை மேல. அடிமூட்டையத் தொட்டுப் பாரும், சில்லுனு இருக்கும். பலகை போட்டு அடுக்கும். அடுப்போட குச்சித் தொட்டிக்குள்ள அடில தூள் சேந்து கெடந்தா அள்ளி எறியும். ஒடைச்சா சட்டுனு ஒடஞ்சு பளபளன்னு இருந்தா நல்ல குச்சி. நொறுங்கி உதுந்தா அது குச்சி இல்ல, தள்ளுபடி விலை.

ஒரு விசயத்துல மட்டும் நையாண்டி பேச மாட்டேன். காத்து இழுப்பு கொறஞ்சா அடுப்ப நிறுத்துற ஒரு சுவிட்சு இருக்கு, அதுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போவுது. அந்தக் குழாய் சாம்பலால அடச்சிருக்கலாம். சுவிட்சுல இருந்து கழட்டி, குழாய மட்டும் ஊதிச் சுத்தம் பண்ணும். சுவிட்சுக்குள்ள ஊதாதேயும். எவனோ வீடியோல ரெண்டு ஒயர முறுக்கி அந்தச் சுவிட்சத் தாண்டிவிட்டுக் காட்டுதான்னு சொன்னீரே, அத மட்டும் செய்யவே செய்யாதேயும். அரைகுறையா எரியிற தீ கார்பன் மோனாக்ஸைடு கக்கும். அதுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. தூக்கத்துலயே ஆளக் கொண்டு போயிரும். அந்த வாயுவுக்கு மணியடிக்கிற கருவி பேத்தி படுக்கிற அறைக்குப் பக்கத்துல மாட்டியிருக்கா? மாட்டி, பாட்டரியும் சோதிச்சுப் பாரும். கருவி சத்தம் போட்டுச்சுன்னா எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு, அங்க இருந்து தீயணைப்புக்காரங்களக் கூப்பிடும்.

இம்புட்டும் முடிஞ்ச பொறவுதான் அந்த டேம்பர்ல கை வைக்கணும். காத்த அளந்து விடுற தகடு அது. கொஞ்சம் நகட்டும், பத்து இருவது நிமிசம் சும்மா இரும், பொறவு பாரும். நீரு நகட்டுன ஒடனே கண்ணாடியில மூக்க வச்சிக்கிட்டு நிப்பீரு. தீ வெளிச்சமா மஞ்சளாத் துள்ளி நிக்கணும், நுனியில கரி இருக்கப்படாது. குச்சித் தணல் கிண்ணத்துல லேசாக் குதிச்சா சரி. குச்சி எரியாமலே கிண்ணத்தத் தாண்டிப் பறந்தா காத்து கூடிப்போச்சு. கண்ணாடியில ஒண்ணு ரெண்டு நாள்ல சாம்ப நிறத்துல படிஞ்சா அது வழக்கம்தான். ரெண்டு மணி நேரத்துல கறுத்தா எங்கயோ நீரு சுரண்டாம விட்டிருக்கீரு.

அந்த கண்ட்ரோல் போர்டு இருக்கே, கம்ப்யூட்டர்ல பாத்து ஆர்டர் போட்டது. பெட்டியப் பிரிக்காதேயும். மூளை மாத்துற ஆபரேசனுக்கு முன்னால மூக்கச் சிந்திப் பாக்குறதுதான் முறை. திருப்பி அனுப்ப நாள் இருக்குதான்னு பாரும்.

எல்லாம் செஞ்சும் தீ எழும்பலன்னா அப்ப விசிறி மோட்டார் தளந்திருக்கு. கிறீச்னு சத்தம், இல்ல முன்னவிட மெள்ளமாச் சுத்துற சத்தம் கேக்கும். அப்ப ஆளக் கூப்பிடும். அவன் மேனோமீட்டர் மாட்டி இழுப்பு எம்புட்டு இருக்குன்னு அளந்து சொல்லிருவான். அவன் வேலை பாக்கும்போது பக்கத்துல நின்னு பாரும், காப்பி குடும், யோசனை மட்டும் குடுக்காதேயும். ஆனா ஒண்ணு, ஜனவரி மாசம் கூப்பிட்டா அவன் வரமாட்டான். ஊர்ல எல்லா அடுப்பும் அந்த மாசத்துலதான் படுக்கும். அவனக் கூப்பிட வேண்டியது ஆகஸ்டுல. வியர்வையத் தொடச்சிக்கிட்டு எவன்வே அடுப்ப நெனைப்பான்னு கேக்கீரா? அதுக்குத்தான் அந்தப் போன்ல ஒரு அலாரம் வையும். வாங்குன நாள்ல இருந்து அந்தச் சவம் இந்த வீட்டுக்கு ஒரு வேலையாவது செய்யட்டும்.